மே முப்பத்தொன்றுக்கு முன்

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தோடு தனியாக ஒட்டி வைத்த உறையில் மூன்று தாள் வீட்டுப் பிளானும் ஒரு விண்ணப்பமும் இருக்கின்றன. பிளானை வரைந்தவர் தொழில் தெரிந்தவர். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தவன் நான். எதை ஊன்றிப் பார்க்க வேண்டும் என்று உனக்கே தெரியும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "ம்" என்பாய், "சரி" என்பாய், அப்புறம் "வேற?" என்பாய். அந்த "வேற?" காதில் விழுந்ததும் எனக்குச் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோகும். காகிதத்தில் நீ கொஞ்சம் மனுஷியாக இருக்கிறாய்.

கடைசியில் அங்கே ஊருக்குக் கிழக்கே அப்பா விட்டுப்போன மனையில் கட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டோம். பதினாறு வருடத்தில் ஆறு வாடகை வீடு பார்த்தாகிவிட்டது. இப்போதைய வீட்டுக்காரர் வாரம் ஒரு தடவை வந்து சுவர்களைத் தடவிப் பார்க்கிறார். "தம்பி, ஆணி கீணி அடிச்சிடாதீங்க" என்கிறார். ஊரெல்லாம் சுவரைக் குடைந்து ஒயர் இழுக்கிறவன் நான். என் வீட்டில் ஒரு காலண்டர் மாட்ட வழியில்லை, நாற்காலியில் சாய்த்து வைத்திருக்கிறோம்.

இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. பெரிதாக ஒன்றுமில்லை. தெற்குப் பக்க அறை பாப்பாவுக்கு. பதினான்கு வயதாகிறது, இன்னும் கூடத்தில்தான் படுக்கிறாள். அந்த அறைக்கு மூன்று ஸ்விட்ச் போர்டு வேண்டுமாம். வெளியார் வீடாக இருந்தால் ஒன்று போதும் என்று சொல்லியிருப்பேன்.

உன் கண் படாமல் நான் எந்த விண்ணப்பமும் கொடுத்ததில்லை. கொடுத்தது ஒரே ஒரு முறை, ஒயர்மேன் லைசென்ஸுக்கு. பிறந்த தேதி கேட்ட இடத்தில் அன்றைய தேதியைப் போட்டுவிட்டேன். பிறந்து ஒரு நாள் ஆன குழந்தைக்கு லைசென்ஸ் கிடையாது என்று ஜன்னலில் இருந்தவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். ஆகவே, பார்த்துத் திருத்தி அனுப்பு. வந்த மறுநாளே பஸ் ஏறி அங்கே நகராட்சியில் கொடுத்துவிடுகிறேன். ஏழு மணி நேரப் பயணம் எனக்கு ஒன்றும் பெரிதில்லை.

தம்பி

*

ஏப்ரல் 14

தம்பி,

உறை வந்தது.

நகராட்சியில் ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று அமைத்து அதில் என்னையும் போட்டிருக்கிறார்கள். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள், கணக்குப் பார்க்க உதவுவாள் என்று நினைத்திருக்கலாம். புகைப்படத்தில் பெண் ஒருத்தி இருக்கட்டும் என்றும் நினைத்திருக்கலாம். இரண்டாவதுதான் காரணம் என்பது என் ஊகம்.

விஷயம் இதுதான். ஊருக்குக் கிழக்கே புதிது புதிதாக வீடுகள் எழும்புகின்றன. அவற்றுக்குக் குடிநீர்க் குழாய், சாக்கடை, சாலை, ஒரு மேல்நிலைத் தொட்டி எல்லாம் வேண்டும். பணத்துக்கு இரண்டு வழி. ஊரில் ஏற்கெனவே இருக்கும் எல்லா வீடுகளுக்கும் சொத்து வரியை ஏற்றலாம். அல்லது புதிதாகக் கட்டுகிறவர்களிடம், அனுமதி கொடுக்கும்போதே, ஒரு முறை மட்டும் வளர்ச்சிக் கட்டணம் வாங்கலாம். எது நியாயம் என்று குழு சொல்ல வேண்டும். இரண்டு மாதமாகத் தேநீர்க் கடையிலும் பேருந்திலும் இதே பேச்சு.

எதிர்வீட்டுக்காரரை உனக்கு நினைவிருக்கும். முப்பது வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். ஊருக்கே அவர் பெயர் மறந்துபோய் மீட்டர் ஐயா ஆகிவிட்டார். நேற்று வாசலில் நிறுத்திக் கேட்டார். "ஏம்மா, நான் என்ன புதுசாவா கட்டிட்டேன்? அதே ரெண்டு ரூம், அதே ஒழுகுற கூரை. வீடு வளரவே இல்ல, வரி மட்டும் எப்படிம்மா வளரும்?" ஓய்வூதியத்தில் பாதி அவருக்கு மருந்துக்கே போகிறது.

குழுவில் இருக்கும்போது சில விஷயங்களைப் பற்றி நான் எழுதுவது முறையல்ல. நீ புரிந்துகொள்வாய்.

பாப்பாவுக்குத் தேர்வு எப்படி?

அக்கா

*

மே 2

அக்காவுக்கு,

பாப்பா கணக்கில் குறைவு. அத்தை மாதிரி வரவில்லை, அப்பா மாதிரி வந்திருக்கிறாள் என்று வீட்டில் பேச்சு.

குழுவில் போட்டதற்கு வாழ்த்து. ஆனால் மீட்டர் ஐயா கேட்டதை எழுதினாயே, நான் கேட்பதையும் கேள். பிளான் வரைந்தவர் சொல்கிறார், கட்டணம் வந்தால் ஒரு வீட்டுக்கான கூரைச் செலவு அப்படியே அதில் போய்விடுமாம். நீ இருக்கும் தெருவுக்குக் குழாய் போட்டபோது அந்தத் தெருக்காரர்களிடமா வாங்கினார்கள்? ஊர் முழுக்கக் கொடுத்த வரியில் போட்டார்கள். அப்பா அந்த வீட்டைக் கட்டியபோது அவரிடம் யாரும் "தொட்டி கட்டணும், எடுத்து வையுங்க" என்று கேட்கவில்லை. முதலில் வந்தவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஏறிவிட்டு, கடைசியில் வருகிறவன் தலையில் மட்டும் ஏணிக்கான விலையைக் கட்டுவது எந்த ஊர் நியாயம்? வரியை ஏற்றினால் ஆயிரக்கணக்கான வீடு கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கும். யாருக்கும் முதுகு ஒடியாது.

கோபமாக எழுதவில்லை. கோபமாக இருந்தால் கையெழுத்து இன்னும் மோசமாக இருக்கும், உனக்குத் தெரியும்.

பிளான் பார்த்தாயா? உனக்கு வேலை அதிகம் என்று புரிகிறது. நேற்று இங்கே பாப்பாவின் அம்மாவுக்கும் எனக்கும் நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

"உங்க அக்கா பார்த்துத் தர்றதுக்குள்ள பாப்பாவுக்குப் பேரன் பொறந்துடுவான். நீங்களே கொண்டுபோய்க் குடுங்களேன்."

"அக்கா பார்த்துக்கிட்டிருக்கா."

"சொன்னாங்களா?"

"சொல்லல. ஆனா பார்த்துக்கிட்டிருப்பா."

"நல்லா இருக்கு. அவங்க சொல்லாததெல்லாம் உங்களுக்கு மட்டும் காதுல விழும்."

மருத்துவமனையில் நர்ஸாக இருப்பவளுக்கு எல்லாவற்றையும் உடனே எழுதிவைத்துப் பழக்கம். நீ பொறுமையாகப் பார். ஆனால் பார்.

தம்பி

*

மே 11

தம்பி,

ஏணி உவமை நன்றாக இருந்தது. குழுவில் யாராவது அப்படிப் பேசியிருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

உன் வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் இந்த ஊரில் வீடு வைத்திருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓய்வு பெற்றவர்கள். வரி என்பது ஒரு முறையோடு போவதில்லை, ஆண்டுதோறும் வரும். புதிதாகக் கட்டுகிறவர் கையில் பணமோ கடனோ இருக்கிறது. இருப்பதால்தான் கட்டுகிறார். இருக்கிற இடத்தில் வாங்குவதா, இல்லாத இடத்தில் வாங்குவதா என்றால், நான் இருக்கிற இடத்தைச் சொல்வேன். ஆனால் வீட்டின் அளவைப் பார்த்துக் கட்டணம் வைக்க வேண்டும், இரண்டு அறை வீட்டுக்கும் பத்து அறை வீட்டுக்கும் ஒரே தொகை வைக்கக் கூடாது என்று நேற்றைய கூட்டத்தில் சொன்னேன்.

குழுவில் கட்டடக்காரர்கள் சார்பில் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை சிமெண்ட் என்கிறார்கள், அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறார். கிழக்கே பாதி வீடுகள் அவருடைய கம்பெனி கட்டுவது. நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"மேடம், அளவு பார்க்க ஆரம்பிச்சா ஆபீஸ்ல டேப்பு புடிக்கவே நாலு பேர் வேணும். வீட்டுக்கு இவ்வளவுன்னு ஒரே கணக்கா வெச்சிடுங்க. சின்னவன் பெரியவன்னு பாகுபாடே வேண்டாம்."

"பாகுபாடு வேண்டும் என்றுதான் சொல்கிறேன்" என்றேன்.

"பாருங்க, படிச்சவங்களே இப்படிச் சொல்றாங்க" என்று மற்றவர்களைப் பார்த்தார். நான்கு பேரும் சிரித்தார்கள். வாக்கெடுப்பில் நான்குக்கு ஒன்று. அந்த ஒன்று நான். பெரிய வருத்தம் ஒன்றுமில்லை, எதிர்பார்த்ததுதான். வருத்தம் இல்லை என்பது முழு உண்மையும் இல்லை.

உன் உறை என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

அக்கா

*

ஜூன் 9

அக்காவுக்கு,

மூன்று தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

பிளான் வரைந்தவர் பேப்பரில் வந்த அறிவிப்பை வெட்டி அனுப்பியிருந்தார். வளர்ச்சிக் கட்டணம் வந்துவிட்டது. வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. மே 31 வரை வந்த விண்ணப்பங்களுக்குக் கிடையாது, அதற்குப் பிறகு வருகிறவற்றுக்கு உண்டு. அறிவிப்பு வந்த நாள் ஜூன் 5. முடிந்துபோன தேதியை ஐந்து நாள் கழித்து ஊருக்குச் சொல்கிறீர்கள்!

என் விண்ணப்பத்தில் ஏப்ரல் மாதத் தேதி இருக்கிறது. ஏப்ரல், அக்கா. அது உன் இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். மே 29, 30 இரண்டு நாளும் உங்கள் சிமெண்ட்டின் கம்பெனி வேன் நகராட்சி வாசலில் நின்றதாம். இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டு விண்ணப்பம். அட்டைப்பெட்டியில் வைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்களாம். அவருக்குக் கனவில் வந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. எனக்குக் கனவும் வரவில்லை, கடிதமும் வரவில்லை.

உனக்குத் தேதி தெரியுமா, தெரியாதா? இதற்கு மட்டும் பதில் எழுது. "ம்" என்று எழுதாதே.

அப்பா உனக்கு வீட்டை வைத்தார், எனக்கு மண்ணை வைத்தார். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ தனியாக இருக்கிறாய், உனக்குக் கூரை வேண்டும் என்று சரி என்றேன். இப்போது அந்தக் கூரைக்கு வரி ஏறக் கூடாது என்று என் கூரையைப் பிடுங்கிக்கொண்டாய். அப்படி எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை.

தம்பி

*

ஜூன் 15

தம்பி,

தெரியும்.

மே 18 கூட்டத்தில் தேதி முடிவாயிற்று. முடிவெடுக்கும் அன்றையே கடைசித் தேதியாக வைத்துக் கோட்டைப் போட வேண்டும் என்றேன். மக்கள் சிரமப்படக் கூடாது, இரண்டு வாரம் வேண்டும் என்று சிமெண்ட் கெஞ்சினார். அப்படியானால் தேதியை வெளியே சொல்லக் கூடாது என்று நான்தான் நிபந்தனை வைத்தேன். சொன்னால் எல்லோரும் முண்டியடிப்பார்கள். சொல்லாவிட்டால், தெரியாமல் வருகிறவர்கள் தற்செயலாகக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுவார்கள், அதில் யாருக்கும் சலுகை இல்லை என்று நினைத்தேன். வகுப்பில் இதை இருபத்தைந்து வருடமாக நடத்துகிறேன். கரும்பலகையில் அது ஒரு நாளும் பிசகியதில்லை. ஐந்து பேரும் நகராட்சித் தலைவரும் வாய் திறப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டோம். மற்றவர்களும் என்னைப் போலவே கையெழுத்துப் போட்டார்கள் என்று நம்பியது என் முட்டாள்தனம்.

உறையைப் பற்றி. குழுவில் உட்காரும் ஒருத்தி தன் தம்பியின் கட்டட விண்ணப்பத்தைத் திருத்தித் தருவது சரியில்லை. அதனால் நான் அதைத் திறக்கவே இல்லை. ஓரத்தில் ஒட்டிய கோந்து கூட அப்படியே இருக்கிறது. எழுதுவது முறையல்ல என்று ஏப்ரலிலேயே சொன்னேன். அதற்கு அர்த்தம், இதை நான் தொட மாட்டேன், நீயே கொடுத்துவிடு என்பதுதான். அது உனக்குப் புரியும் என்று நினைத்தேன்.

உனக்குப் புரியும் என்று நான் நினைத்தது நியாயமா என்று இப்போது யோசிக்கிறேன். உடனே திருப்பி அனுப்பியிருக்கலாம். மூன்று வார்த்தை போதும், "நீயே கொடு, திருத்தமாட்டேன்" என்று. ஏன் அனுப்பவில்லை என்று தெரியவில்லை. அதைக்கூடத் தொட வேண்டாம் என்று நினைத்திருப்பேன்.

வீட்டைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுதி, கிழித்துவிட்டேன்.

உறையைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா

*

ஜூன் 24

அக்கா,

உறை வந்தது. ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறது. நீ திறந்து பார்த்து, மறந்து, மூலையில் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

தேதியை நீ சொல்ல வேண்டாம். கையெழுத்துப் போட்டாய், சரி. "பிளானை எடுத்துக்கொண்டு போ" என்று சொல்லக் கூடாது என்றும் கையெழுத்துப் போட்டாயா? ஏப்ரலில் சொல்லியிருந்தால் அதில் என்ன ரகசியம் இருந்தது? அப்போது தேதியே இல்லையே! நீ நேர்மையாக இருந்ததில் ஒருவருக்கும் நஷ்டமில்லை, என்னைத் தவிர. கூடப் பிறந்ததற்கு இது அபராதமா?

இங்கே வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார். செப்டம்பருக்குள் காலி செய்ய வேண்டும். "நீங்கதான் சொந்த வீடு கட்டப் போறீங்களே" என்கிறார். எல்லோரிடமும் சொல்லிவைத்தது நான்தான்.

மனையை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். புரோக்கர் ஒருவர் வந்தார். வாங்குகிறவர் யார் என்று கேட்டேன், மழுப்பினார். விடாமல் கேட்டேன். யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டணம் இல்லாமல் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுகிறவருக்கு, அதற்குப் பாதை போட என் மனை தேவைப்படுகிறதாம்.

பாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு நாளாக அவள் அம்மா என்னுடன் பேசுவதில்லை. உன்மேல் கோபம் என்றால் உன்னிடம் காட்டலாம், அது ஏழு மணி நேரம் போக வேண்டும், அதனால் என்னிடம் காட்டுகிறாள்.

தம்பி

*

ஜூலை 3

தம்பி,

இதை முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு. நடுவில் கிழிக்காதே.

நேற்று நகராட்சிக் கூடத்தில் ஆட்சேபணை கேட்கும் கூட்டம் நடந்தது. இரண்டு பக்கத்தவர்களும் வந்திருந்தார்கள். நாற்காலி போதாமல் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் முதலிலேயே ஒரு செய்தி சொன்னார். கட்டணத்துக்குள் வராத விண்ணப்பங்கள் மிக அதிகம், எதிர்பார்த்த பணம் வராது, ஆகவே சொத்து வரியும் ஏறும். இரண்டுமே. பிறகு மீட்டர் ஐயா எழுந்தார், என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஒரு பக்கம்தான் இடிப்பீங்கன்னு பார்த்தேன். ரெண்டு பக்கமும் இடிச்சிட்டீங்களேம்மா."

என் முறை வந்ததும் நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். தேதியை மறைக்கச் சொன்னவள் நான் என்பதையும், அது ஒருவருக்கு மட்டும் மறையவில்லை என்பதையும் சொன்னேன். விண்ணப்பப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். மே மாதம் முதல் இருபத்தெட்டு நாளில் வந்தவை பத்தொன்பது. கடைசி மூன்று நாளில் இருநூற்று முப்பத்தொன்று. கோட்டை மாற்ற வேண்டும், அல்லது எல்லோருக்கும் கட்டணம் போட வேண்டும் என்றேன். ஏப்ரலில் எழுதிய விண்ணப்பம் என் இழுப்பறையில் கிடந்ததால் என் தம்பியும் இதில் பாதிக்கப்பட்டவன், ஆகவே நான் சொல்வதைச் சந்தேகத்தோடு கேளுங்கள் என்றும் சொன்னேன்.

"அப்போ தம்பிக்காகத்தான் இவ்வளவுமா?" என்று சிமெண்ட் எழுந்து கேட்டார். கூடம் சிரித்தது. இந்த முறை சிரித்தவர்களில் நம் தெருக்காரர்களும் உண்டு.

கூட்டம் முடிந்ததும் தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மரியாதையாகப் பேசினார், தண்ணீர் கொடுத்தார்.

"யார் வெளிய சொன்னாங்கன்னு உங்களால நிரூபிக்க முடியுமா மேடம்?"

"முடியாது."

"அப்புறம் எதுக்கு இந்த வம்பு? உங்க தம்பி விண்ணப்பம் ஏப்ரல்லயே ரெடிதானே? வீட்டுல மாட்டிக்கிட்டது அவர் தப்பா? கொண்டுவரச் சொல்லுங்க. பதிவேட்டுல முப்பதாம் தேதிப் பக்கத்துல ஒரு வரி காலியா இருக்கு. முத்திரைத் தேதியைத் திருப்பறது ஒரு நிமிஷ வேலை. நீங்க குழு அறிக்கையில மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க, எல்லாம் முறைப்படி நடந்ததுன்னு."

பதிவேட்டை மேசை மேல் திறந்தே வைத்திருந்தார். உண்மையாகவே ஒரு வரி காலியாக இருந்தது. அதைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. "தண்ணி குடிங்க மேடம்" என்று அவர் மறுபடியும் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தேன்.

முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். குழுவிலிருந்து விலகுவதாக வெளியே நின்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் காகிதத்துக்கு அன்றைய தேதி முத்திரை சரியாகக் குத்திக் கொடுத்தார்கள்.

உன்னைக் கேட்காமல் மறுத்தேன். அது உன் வீடு. உனக்கு அதைத் தெரிவிக்காமல் இருந்துவிடலாம் என்று வீடு வரும்வரை நினைத்தேன். ஏற்கெனவே ஒரு முறை சொல்லாமல் இருந்து நடந்ததைப் பார்த்தாகிவிட்டது. ஆகவே சொல்கிறேன்.

செப்டம்பரில் நீங்கள் மூன்று பேரும் இங்கே வந்து இருக்கலாம். மாடி அறை காலிதான். இது பரிகாரம் இல்லை, அறை காலியாக இருக்கிறது. விற்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் சொல்கிறேன், அவருக்கு விற்காதே.

அக்கா

*

ஜூலை 16

அக்கா,

கிழிக்கவில்லை. முழுவதும் படித்தேன். இரண்டு தடவை.

நீ என்னைக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா? "குத்தச் சொல்லு" என்றுதான் சொல்லியிருப்பேன். யோசித்திருக்கவே மாட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு வேண்டுமானால் யோசித்திருப்பேன். இது உனக்கும் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. நீ மறுத்ததில்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. நான் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறதே, அதில்தான் கோபம். நாலு நாள் இதையே மென்றுகொண்டிருந்தேன்.

உன் கடிதத்தை உன் தம்பி பெண்டாட்டியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தாள். பிறகு, "உங்க அக்காகூட ஒரு வீட்டுல குடியிருக்கிறது கஷ்டம். ஆனா இந்த மாதிரி ஆள் ஒருத்தர் எங்க ஆஸ்பத்திரி ஸ்டோர்ல இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள். இதற்கு மேல் அவளிடமிருந்து வராது.

புரோக்கர் மறுபடியும் வந்தார். விலையை ஏற்றிச் சொன்னார். மனை விற்பனைக்கு இல்லை என்று அவள்தான் சொன்னாள், நான் வாயைத் திறப்பதற்குள். பாதைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

திங்கட்கிழமை அங்கே வந்திருந்தேன். உனக்குச் சொல்லவில்லை. பிளான் வரைந்தவரிடம் சொல்லித் தெற்கு அறையை எடுத்துவிட்டோம். ஒரு படுக்கையறை, கூடம், சமையலறை. அறையின் செலவு கட்டணத்துக்குப் போகிறது. பாப்பாவிடம் நானே சொன்னேன். "அப்போ மூணு ஸ்விட்ச் போர்டு?" என்றாள். "கூடத்தில் வைக்கிறேன்" என்றேன். "கூடத்துல வெச்சா அது எப்படி என் ஸ்விட்ச் ஆகும்?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். இதற்கு நீயும் ஒரு நாள் பதில் சொல்ல வேண்டும்.

விண்ணப்பத்தை நானே எழுதி நானே கொடுத்தேன். திசையை மாற்றிப் போட்டிருந்தேனாம். ஜன்னலில் இருந்த பெண் திருப்பித் தள்ளினாள். அங்கேயே நின்று, பேனா கடன் வாங்கித் திருத்தினேன். எண் கொடுத்தார்கள். கட்டணம் கட்டிய ரசீதும் இருக்கிறது. வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், மூன்று பேரும் சின்ன வீடு கட்டுகிறவர்கள். பின்னால் நின்றவர், "கோட்டுக்கு நாலு நாள் தள்ளிக் குடுத்துட்டேன் சார், இப்பதான் கட்டணம் கட்ட வந்திருக்கேன்" என்றார். நான் எத்தனை நாள் என்று கேட்டார். எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை.

வேலை முடிந்து உன் தெரு முனை வரை வந்தேன். மீட்டர் ஐயா வாசலில் உட்கார்ந்திருந்தார். "அக்கா காலேஜ்ல இருந்து வந்துட்டாங்க, உள்ளதான் இருக்காங்க" என்றார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் இருந்தது. பஸ் நிலையத்தில் போய் உட்கார்ந்திருந்தேன்.

மாடி அறை வேண்டாம். கட்டி முடிக்கும் வரை மனைப் பக்கத்திலேயே ஒரு தகர ஷெட் போட்டு இருந்துகொள்கிறோம். உன்மேல் கோபத்தில் சொல்லவில்லை. கோபமும் இருக்கிறது, அது தனி.

அஸ்திவாரம் தோண்டுவது ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரைக்கு. நீ வா என்று எழுதவில்லை. தேதியைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

தம்பி